கொக்குத்தாங்கல் கம்பிக்குத் தாகம்

ஆயிரம் வருஷத்துக்கு முன்பே குடவோலை போட்டு ஆளெடுத்து, ஏரிக்கென்று தனி வாரியம் வைத்துப் பார்த்துக்கொண்ட பூமி உத்திரமேரூர். அந்த வாரியத்தார் எல்லாவற்றையும் கல்லில் வெட்டினார்கள். பாவம், ஒரு சென்சார் வைக்கத் தெரியவில்லை. அந்தப் பெருங்குறையைத் தீர்க்க அவதரித்ததுதான் 'தொடர் நீர்நோக்கு இயக்ககம்'. செய்யாறும் வேகவதியும் பாலாறும் கூடுகிற சீமையில் தண்ணீர் எவ்வளவு ஓடுகிறது, எவ்வளவு சுத்தமாக ஓடுகிறது என்று இருபத்து நாலு மணி நேரமும் கண்கொட்டாமல் பார்ப்பது அதன் திருப்பணி. தண்ணீர் இருக்கிறதா என்பது மட்டும் அதன் வரம்பில் வராது.

கார்த்திகை மழையில் இடுப்பளவு தண்ணீர் போய்க்கொண்டிருந்த ஒரு சுபதினத்தில், கொக்குத்தாங்கல் வாய்க்காலில் முழ நீள எவர்சில்வர் சென்சார்க் கம்பி ஒன்று இறக்கப்பட்டது. அதற்கு ஒரு கம்பம், கம்பத்தின் தலையில் சோலார் தகடு, சுற்றிலும் வேலி, ரிப்பன், கத்திரிக்கோல், ஆளுக்கு ரெண்டு பிஸ்கட். காஞ்சிபுரத்தில், இயக்ககத்து ஏசி அறையின் பெரிய திரையில், கொக்குத்தாங்கல் பச்சையாக எரிந்தது.

கம்பிக்குக் காவலாக முனிரத்தினம் நியமிக்கப்பட்டார். அவர் பரம்பரை நீர்க்கட்டி. மதகு திறப்பதும் மூடுவதும், எந்த வயலுக்கு எவ்வளவு நேரம் தண்ணீர் என்று பங்கு பிரிப்பதும் அவர் வேலை. வாய்க்காலில் கணுக்கால் நனைய நின்றால் போதும், மேலே எங்கே உடைப்பு என்று சொல்லிவிடுவார். இந்த 'விஞ்ஞானமற்ற' வழக்கத்தை ஒழித்து, அவருக்குக் 'களத் தரவு உதவியாளர்' என்று பட்டமும் கழுத்தில் மாட்ட ஓர் அட்டையும் கொடுத்தது இயக்ககம். அட்டைப் படத்தில் அவர் கண்ணை மூடிக்கொண்டிருந்தார். கண்காணிப்புக்கு அது தடையாகக் கருதப்படவில்லை.

மாசி பிறந்தது. வாய்க்கால் வறண்டது. இயக்ககத்தின் ஒருங்கிணைப்பாளர் ஹரிஹரசுதன் பதறிக்கொண்டு போன் செய்தார்.

"முனிரத்தினம், கம்பி காயக் கூடாது! காஞ்சா முனையில இருக்கிற கண்ணாடி கெட்டுப் போயிடும். கம்பெனிக்காரன் மாத்தித் தர மாட்டான்."

"வாய்க்காலே காஞ்சி பூட்ச்சி சார்."

"வாய்க்கால் காயலாம், அதுக்கு ஒண்ணும் ஆகாது. ஒரு பக்கெட்டுல தண்ணி ஊத்தி, கம்பியை அதுல விட்டு வைங்க."

ஊருக்கு அப்போது ரெண்டு நாளைக்கு ஒரு தடவை குடிநீர் லாரி வந்துகொண்டிருந்தது. வீட்டுக்கு ஆறு குடம். அதில் ஒரு குடம் கம்பிக்குப் போயிற்று. முனிரத்தினத்தின் மனைவி ஆண்டாளம்மாள், கவர்மெண்டுப் பொருளாச்சே என்று, அதை வெள்ளைத் துணியில் வடிகட்டி வேறு கொடுத்தார்.

இங்கேதான் முனிரத்தினம் ஒரு தப்பு செய்தார். நீர்க்கட்டியாகப் பிறந்தவன் மட்டுமே செய்யக்கூடிய தப்பு. நின்றுபோன தண்ணீரைப் பார்த்துக்கொண்டு சும்மா கிடக்க அவர் கைக்குத் தெரியாது. காவல் காத்த நேரமெல்லாம் பக்கெட்டுக்குள் கைவிட்டு, மெல்ல, ஒரே சீராக, வாய்க்கால் போகிற வேகத்தில் சுற்றிவிட்டுக்கொண்டே இருந்தார்.

காஞ்சிபுரத்துத் திரைக்குப் புல்லரித்துவிட்டது. ஓட்டம்: சீரானது. தரம்: மிக நன்று, அப்படியே குடிக்கலாம். மழைக்காலத்தில்கூட இப்படியொரு வாய்க்காலை அது கண்டதில்லை. பொழுது சாய்ந்ததும் வாய்க்கால் ஓய்வெடுத்துக்கொள்வது ஏன் என்று ஆராய மட்டும் ஒரு குழு போட்டார்கள்.

அடுத்த வாரம் லாரி நின்றது.

"இன்னாய்யா இது? நம்ம வாய்க்கால்ல குடிக்கிற தண்ணி ஓடுதாமே! லாரிய வேற ஊருக்குத் திருப்பி வுட்டாங்களாம்," என்றார் ஆண்டாளம்மாள்.

முனிரத்தினத்துக்குத் தூக்கிவாரிப் போட்டது. உடனே போன் போட்டார்.

"சார், தண்ணி ஓடறது வாய்க்கால்ல இல்ல சார். பக்கெட்டுல."

"திரையில சீரா ஓடுதே?"

"அது என் கை சார்."

ஹரிஹரசுதன் அறிக்கைப் படிவத்தைப் புரட்டினார். "கைன்னு போட அறிக்கையில கட்டம் இல்லையே, முனிரத்தினம். நீங்க கவலைப்படாதீங்க. உங்க வாய்க்காலுக்கு மாநில விருது வர்ற மாதிரி இருக்கு. இந்த நேரம் பார்த்துக் கையை எடுத்துடாதீங்க."

அவர் எடுக்கவில்லை. கம்பிக்கு ஒன்று ஆனால் அது அவர் தலையில்தான் விடியும்.

இருபத்து மூன்று நாள். பெண்கள் பக்கத்து ஊர் பம்புசெட்டுக்கு வெயிலில் ரெண்டு மைல் நடந்தார்கள். அந்த ஊர்க்காரர்கள் பிடித்து முடித்த பிறகுதான் இவர்கள் குடம் வைக்கலாம். அதற்குள் பாதி நாள் கரண்ட் போய்விடும். கொண்டுவந்த நாட்களில் அதிலும் ஒரு குடம் கம்பிக்கு. ஊருக்குத் தண்ணீர் பங்கிட்ட கையே ஊர்த் தண்ணீரை நிறுத்திவிட்டதே என்று முனிரத்தினம் தெருவில் தலைநிமிர்ந்து நடக்க வெட்கப்பட்டார்.

இருபத்து நாலாம் நாள் உச்சிவெயிலில் ஆண்டாளம்மாள் வெறுங்குடத்தோடு வந்தார். கம்பியை எடுத்து வெளியே போட்டார். பக்கெட்டைத் தூக்கிக் குடத்தில் கவிழ்த்தார்.

"ஏ ஆண்டாளு! கம்பி காஞ்சிடும்!"

"காயட்டும்யா. அதுக்குத் தாகம் எட்த்தா காஞ்சிபுரத்துல தெரியுது. வூட்ல கொயந்தைங்களுக்குத் தாகம் எட்த்தா எங்க தெரியுது?"

திரை சிவந்தது. நாற்பதே நிமிஷத்தில் மூன்று ஜீப்புகளும், பின்னாலேயே பன்னிரண்டாயிரம் லிட்டர் லாரி ஒன்றும் புழுதி பறக்க வந்து நின்றன. அரசாங்கம் ஆமை வேகம் என்று யார் சொன்னது? ஊரே குடங்களோடு ஓடிவந்தது.

"யாரும் கிட்ட வராதீங்க! இது சென்சாருக்கு வந்த தண்ணி!" என்று கையை விரித்து மறித்தார் ஹரிஹரசுதன். ஒரு பக்கெட் நிரம்பியதும் குழாயைப் பூட்டினார்கள்.

"மீதித் தண்ணி?" என்று ஆண்டாளம்மாள் கேட்டார்.

"அது அவசர இருப்பு. கம்பியை உள்ள விடுங்க, முனிரத்தினம்."

முனிரத்தினம் கம்பியை எடுத்தார். பக்கெட்டைப் பார்த்தார். வரிசையாக நின்ற குடங்களைப் பார்த்தார்.

"சார், அந்தத் திரை உங்க போன்லயும் வருதே, இப்ப இன்னா கலர் காட்டுதுன்னு பாருங்க. செவப்பா இருந்தா அந்தக் கொயாயத் தொறந்து வுடணும்," என்று சொல்லிவிட்டு, கம்பியைத் தன் நாக்கின்மேல் வைத்துக்கொண்டார்.

சிவப்புதான் காட்டியது. ஹரிஹரசுதன் அலறிக்கொண்டு பாய்ந்து கம்பியைப் பிடுங்கினார். கைக்குட்டையால் துடைத்தார். மருந்துத் தண்ணீரில் மூன்று தடவை கழுவினார். பிறகுதான் பக்கெட்டில் இறக்கினார். பச்சை வந்தது. லாரி பூட்டியது பூட்டியபடியே திரும்பிப் போயிற்று.

ஒரு மாதமாக அதே ஆளின் கை ஊறிய தண்ணீரைத்தான் அந்தத் திரை 'அப்படியே குடிக்கலாம்' என்று மெச்சியது. அதைச் சொல்லவும் அறிக்கையில் கட்டம் இல்லை. இருந்த கட்டங்கள் மட்டும் அன்று மாலையே ஒழுங்காக நிரப்பப்பட்டன:

'கொக்குத்தாங்கல் வாய்க்கால். நீர்: போதிய அளவு உள்ளது. தரம்: மிக நன்று. பிற்பகல் ஒன்றே கால் மணிக்கு மாசு ஒன்று கண்டறியப்பட்டு உடனே அகற்றப்பட்டது. மாசின் பெயர்: முனிரத்தினம்.'