ஒத்திகையில் நிஜமாக முழுகியவன்

வெள்ளம் வந்தாலும் சரி, வெள்ளத்துக்கு ஒத்திகை என்றாலும் சரி, வருகிற அதிகாரிக்குச் சால்வை போடாமல் நமக்கு ஒரு வேலையும் ஓடாது. அந்தப் பழக்கத்தால் சாகப் பார்த்தவன் நான்.

செம்பாக்கத்தில் எங்கள் நலச்சங்கத்துக்கு நான்தான் செயலாளர். (வாத்தியார் வேலை பார்ப்பவன் என்பதால் தலையில் கட்டிவிட்டார்கள்.) மழைக்காலத் தொடக்கத்தில் ஏரியில் மீட்பு ஒத்திகை வைத்தார்கள். தீயணைப்பு வீரர் ஒருவர் முழுகுவதுபோல நடிப்பார், படகில் போய்க் காப்பாற்றுவார்கள், கரையில் நின்று நாங்கள் கற்றுக்கொள்ள வேண்டும்.

வந்த அதிகாரிக்குக் கரையிலேயே சால்வை போட்டுவிட்டேன். போட்டோ எடுத்தவர் உதட்டைப் பிதுக்கினார். "சார், வெயில் எதிர்ல அடிக்குது. மூஞ்சியே தெரியல."

அதற்குள் அதிகாரி படகில் ஏறிவிட்டார். விடுவேனா? படகை ஒட்டியிருந்த மதகு மேடையின் விளிம்பில் நின்று குனிந்தேன்.

"சார், அங்க ஆழம். பின்னாடி போங்க!" என்றார் படகோட்டி.

"ஒரே ஒரு போட்டோப்பா!"

அதிகாரி தோளில் கிடந்த சால்வையின் முனையைப் பிடித்தபடி நான் பல்லைக் காட்டிய நேரத்தில் படகு கிளம்பியது. நான் தண்ணீருக்குள். மோட்டார் சத்தத்தில் அதிகாரி கத்தியது படகோட்டிக்கே கேட்கவில்லை.

எனக்கு நீச்சல் சுத்தமாகத் தெரியாது. கையைக் காலை உதறினேன். கரையில் கைதட்டல்! எங்கள் சங்கத் தலைவர் மைக்கைப் பிடித்தார்: "பொதுமக்கள் நல்லா கவனிங்க! முழுகுறவங்க இப்படித்தான் கைய ஆட்டுவாங்க!"

என் மனைவி மேரி போனில் வீடியோ எடுத்துக்கொண்டிருந்தாள். "பாருங்கக்கா, எங்க வீட்டுக்காரர் என்கிட்டகூட சொல்லாம நடிக்க ஒத்துக்கிட்டாரு!" என்று பக்கத்து வீட்டு அக்காவிடம் சொல்லி விழுந்து விழுந்து சிரித்தாள்.

வாயெல்லாம் தண்ணீர். பயம் என்றால் அப்படியொரு பயம். இத்தனை பேர் பார்க்கச் செத்துப்போகப் போகிறேன் என்று புரிந்துவிட்டது. நாலு பேர் முன்னால் அவளை நான் பெயர் சொல்லிக் கூப்பிட்டதே கிடையாது. அன்று, "மேரி!" என்று கத்தினேன்.

அவள் சிரிப்பு நின்றது. "ஐயோ, நடிப்பில்ல! அவருக்கு நீச்சல் தெரியாது! யாராவது குதிங்களேன்!"

முழுகுவதற்குத் தன் முறை வரட்டும் என்று காத்திருந்த வீரர்தான் குதித்து என்னை இழுத்துப் போட்டார்.

அடுத்த ஒத்திகையில் சால்வை, மாலை எதுவும் கூடாது என்பதுதான் முதல் அறிவிப்பு. நிஜமான ஆபத்து என்றால் சிவப்புக் கொடி காட்டவும் ஒரு ஆளை நிறுத்தினார்கள்.

கிறிஸ்துமஸுக்குச் சொந்தக்காரர்கள் கூடினால் இன்றும் அந்த வீடியோ ஓடும். மச்சான் தலைவர் குரலில் பேசிக் காட்டுவான். நானும் சிரிப்பேன். "நடிக்க ஒத்துக்கிட்டாரு" என்று வந்ததும் மேரி போனைப் பிடுங்கி அணைத்துவிடுவாள்.

"இன்னும் கொஞ்சம் இருக்கே, அத்தை!" என்று பிள்ளைகள் கெஞ்சுவார்கள்.

"வேணாம்டா. அதுக்கப்புறம் நான் சிரிக்கிற சத்தம் வருது. என்னால கேக்க முடியாது" என்று சொல்லிவிட்டு, என் பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொள்வாள்.