ஓட்டை அண்டாவும் இரண்டாவது வேட்டியும்

ஆரணி,
விளம்பி வருஷம் ஆவணி 10.

மகாராஜராஜஸ்ரீ கண்ணமங்கலம் சம்பந்தி அருணாச்சல முதலியார் அவர்கள் சமுகத்துக்கு, ஆரணி அய்யாக்கண்ணு செய்யும் அநேக நமஸ்காரம். இங்கே யாவரும் சுகம் என்றே எழுதுகிறேன். மீதியைப் படித்துத் தெரிந்துகொள்ளவும். தங்கள் சுகத்தையும் மாப்பிள்ளை சுகத்தையும் இந்த வண்டிக்காரனிடமே சொல்லி அனுப்பவும். தபால் வேண்டாம். தபால்காரர் எங்கள் தெரு நாட்டாண்மை குப்புராஜுக்கு அடுத்த வீடு.

விஷயம் என்னவென்றால், ஆவணி 25 முகூர்த்தத்தைத் தை மாதத்துக்குத் தள்ள வேண்டியிருக்கிறது. உடனே சந்தவாசலில் வேறு பெண் பார்க்கக் கிளம்பிவிடாதீர்கள். அங்கே தங்களுக்கு ஒரு ஒன்றுவிட்ட தங்கை இருப்பது எனக்குத் தெரியும். என் மகள் அபிதகுசாம்பாள் மேல் ஒரு குறையும் இல்லை. குறையெல்லாம் அண்டாவில்.

எங்கள் தெருவில் பட்டு நூலுக்குச் சாயம் போடும் பொது அண்டா பொங்கலிலிருந்து ஓட்டை. தறிக்காரர்கள் தரும் மகமைப் பணத்தில்தான் அடைக்க வேண்டும், அதிலோ துண்டு விழுகிறது, ஈயம் பூசக்கூடக் காசில்லை என்று தெருக் கூட்டத்தில் நாட்டாண்மை கையை விரித்தார். விரித்த கையை மடக்குமுன் என்ன கேட்டார் தெரியுமா? வருஷத்துக்கு ஒரு பட்டுக்கரை வேட்டி தெரு அவருக்குக் கொடுக்கிறதல்லவா, அதை இரண்டாக்க வேண்டுமாம். தெரு கூடிக் கைதூக்கித் தேர்ந்தெடுத்த மனிதர்! ஓட்டையே அவர் போட்டதோ என்று அன்றே எனக்குச் சந்தேகம். எழுந்து நின்று சட்டம் கொண்டுவந்தேன்: பொது அண்டாவின் ஓட்டை தீரும் வரை, தேர்ந்தெடுத்தவர் யாருக்கும் போன வருஷத்துக்கு மேல் ஒரு கொட்டைப்பாக்குகூட ஏறக்கூடாது. தெருவே ஆமோதித்தது. குப்புராஜும் சிரித்துக்கொண்டே ஆமோதித்தார். அந்தச் சிரிப்பை நான் அப்போதே கவனித்திருக்க வேண்டும்.

போன வாரம் அபிதாவின் கல்யாணத்துக்குத் தாம்பூலம் எடுத்துக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனேன். நாட்டாண்மை தாம்பூலம் வாங்கி "ஆகட்டும்" என்று சொல்லாமல் எங்கள் தெருவில் தாலி ஏறாது என்பது தாங்கள் அறிந்ததே. மனிதர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

"இன்னா மாமா, என்னையே மாட்டி வுடப் பாக்கறீங்களா? போன வருசம் தெருவுல ரெண்டு கல்யாணம், ரெண்டு தாம்பூலம். இந்த வருசமும் ரெண்டு வாங்கிட்டேன். மூணாவது வாங்கினா ஏத்தம் ஆயிடாது? சட்டம் நீங்க போட்டது. அண்டாவ அடைங்க, ஜல்தியா வாங்கிக்கறேன்."

சட்டத்தை ரத்து செய்யலாம் என்றால், என் வாயாலேயே செய்ய வேண்டுமாம். மாட்டேன். அவருக்கு இரண்டாவது வேட்டிக்கு வழி திறந்து விடுவேனா? சரி, கைக்காசு போட்டு அண்டாவை அடைக்கலாமென்றால், தெரு முழுக்கச் சாயம் போட நான் ஒருவன் ஏன் அழ வேண்டும்? அன்று அவர் எங்கள் வீட்டு வழியாகப் போகும்போது, தங்களுக்குச் சீராகக் கொடுக்க வாங்கிக் கூடத்தில் கவிழ்த்திருக்கும் பெரிய செப்பு அண்டாவை விரலால் தட்டி, "நல்லா கனமா கீது மாமா" என்றார். அன்றிலிருந்து அதன் பக்கத்திலேயே படுக்கிறேன்.

வீட்டிலும் எனக்கு ஆள் இல்லை. என் சம்சாரம் சின்னபொண்ணும் குப்புராஜும் கொல்லைச் சுவரோரம் பேசிக்கொண்டிருந்தார்கள். நான் வந்ததும் மழையைப் பற்றிப் பேசினார்கள். ஆரணியில் ஏது மழை? கேட்டதற்கு, "இன்னாத்துக்குப் பேஜார் பண்றீங்க? வெயில்ல மழையப் பத்திப் பேசிகினு இருந்தா குத்தமா?" என்கிறாள். அபிதாவோ தறியை விட்டு எழுந்து வந்து, "கல்யாணம் எனக்காப்பா, அண்டாவுக்கா?" என்று கேட்டுவிட்டு உள்ளே போனாள். பதினெட்டு முழக் கல்யாணப் புடவையைத் தானே நெய்து மடித்து வைத்திருக்கிற பெண். எனக்கு அன்று சோறு இறங்கவில்லை.

ஆனாலும் நியாயம் நியாயம்தான். பொதுப் பணம் காலியாயிருக்கும்போது பதவியில் இருப்பவன் ஒரு வேட்டிக்கு மேல் ஆசைப்படக் கூடாது. எங்கள் தெருவில் வருஷக் கணக்கு பொங்கலுக்குப் பொங்கல், தை பிறந்தால் தாம்பூலக் கணக்கும் புதிதாகும். தாங்கள் பெரிய மனது வைத்துத் தை வரை பொறுக்க வேண்டும்.

மாப்பிள்ளைக்கு ஆசீர்வாதம். சம்பந்தியம்மாளுக்கு நமஸ்காரம். வண்டிக்காரனுக்கு மோர் கொடுக்கவும். வேறெதுவும் அவனிடம் கேட்க வேண்டாம், கேட்டால் உளறுவான்.

இப்படிக்கு,
அய்யாக்கண்ணு

பின்குறிப்பு: கடிதத்தை மடிக்கும்போது தெருவே வாசலில் வந்து நின்றது. குப்புராஜ் நாட்டாண்மையை விட்டுவிட்டாராம். எல்லோரும் கைதூக்கி என்னைத் தேர்ந்தெடுத்துவிட்டார்கள். இதிலும் சூது இருக்குமென்று சந்தேகப்பட்டேன், ஆனால் மாலை போட்டுவிட்டார்கள். நாட்டாண்மை முதல் காரியமாகத் தெருவுக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்றார்கள். சீர் அண்டாவைச் சாயக் கொட்டகைக்கு அனுப்பிவிட்டேன். சின்னபொண்ணு எதற்கோ அதைக் காலையிலேயே கழுவித் துடைத்து வைத்திருந்தாள். புது அண்டா வந்தபின் பழைய ஓட்டை தீர்ந்ததாகவே கணக்கு என்று நாட்டாண்மை என்ற முறையில் தீர்ப்பும் சொல்லிவிட்டேன். ஆகவே சட்டம் முடிந்தது. முகூர்த்தம் ஆவணி 25தான், மாற்றமில்லை. சீரில் அண்டா இராது, மன்னிக்கவும்.

இன்னொன்று. யோசித்துப் பார்த்தால் நாட்டாண்மைக்கு ஒரு வேட்டி போதாதுதான். சாயக் கொட்டகைக்குப் போய் வருகிற உத்தியோகம். தாம்பூலம் கொடுக்க வேண்டிய பெண் வீட்டுக்காரனும் நான், வாங்க வேண்டியவனும் நான் என்றால் பார்ப்பவர்கள் சந்தேகப்படுவார்கள். எனவே இந்த ஒரு தடவை மாப்பிள்ளை வீட்டார் எனக்குத் தாம்பூலத் தட்டு வைத்துவிடுவதே முறை. வேட்டி இரண்டு.