எலிகாப்டர் எழும்பிய குட்டிச்சுவர்

காஞ்சிபுரத்தில் அண்ணாந்து பார்த்து நடந்த ஒரே ஆள், நாங்கள் எலிகாப்டர் என்று கூப்பிட்டவர்தான். மற்ற எல்லாரும் தறியில் இழையைப் பார்த்துக் குனிந்தவர்கள்.

பட்டாளத்தில் எலிகாப்டருக்குக் குண்டு ஏற்றினவர். ஓட்டினதில்லை. அது எப்படி அடிக்கும் என்று கேட்டால் சொல்வார். கேட்காவிட்டாலும் சொல்வார்.

"கீழ டாங்கி நிக்குதுன்னு வை. மேல நின்னுக்கினே சுட்டா செத்தோம்பா. மரத்துக்குப் பின்னாடி பதுங்கணும். எழும்பணும், அடிக்கணும், எறங்கிடணும். அடுத்த தபா வேற எடம். அதே எடத்துல எழும்பினவன் வூடு திரும்ப மாட்டான்."

டீக்கடைக்கும் அப்படித்தான் வருவார். மரத்துக்குப் பின்னால் தலை எழும்பும். "ஒரு டீ!" தலை மறையும். டீக்காரர் கிளாசோடு தெருவெல்லாம் தேடுவார்.

"யோவ் எலிகாப்டரு, எறங்குயா! டீ ஆறுது!"

ஒரு நாள் காலை பிள்ளையார்பாளையத்தில் எங்கள் தறிக்கான பாவு நூலைத் தெருவில் இழுத்துக் கட்டியிருந்தோம். கல்யாணப் புடவைக்கான பட்டு இழை, தெரு நீளத்துக்கு. அறுந்தால் முதலாளி அடுத்த பாவு தரமாட்டார். தறி நின்றுவிடும்.

தெருமுனையில் காளை வந்தது. கயிறு அறுத்த காளை. கொம்பில் யாருடைய வேட்டியோ.

யாரும் அசையவில்லை. அசைந்தால் பாயும்.

முனையில் இருந்த குட்டிச்சுவருக்குப் பின்னால் தலை எழும்பியது. ஒரு மண்கட்டி. காளையின் மூக்கில் பட்டது. தலை மறைந்தது. காளை சுவரைப் பார்த்தது. ஆளைக் காணோம்.

சொன்னபடியே அடுத்த தபா வேறு இடம். சுவரின் எங்கள் பக்கத்துக் கோடியில் எழும்பினார். காளையும் அங்கே வந்தது.

"அண்ணே, இந்தப் பக்கம் வேணாம்ணே! மாடு பாவுகிட்ட வந்துடுச்சு!"

கத்தினேன். காளை விட்ட மூச்சில் இழை ஆடியது.

பிறகு எழும்பினார். முதலில் எழும்பின அதே இடத்தில். மறையவில்லை. சுவர்மேல் ஏறி நின்று துண்டைச் சுழற்றினார்.

"வாடா!"

காளை பாய்ந்தது. சுவர் விழுந்தது. அவரும் விழுந்தார். காளை அந்தப் பக்கத்துச் சந்தில் ஓடிவிட்டது.

அவர் கால் உடைந்திருந்தது.

"ஏன்ணே அதே எடத்துல எழும்பினீங்க?"

"வேற எங்க எழும்பினாலும் பாவு மேல வந்திருக்கும்பா. அறுந்துச்சா?"

"ஒரு இழைகூட இல்லண்ணே."

"அப்ப என்னாத்துக்கு அழுவுற? தூக்கு."

கட்டுப் போட்டுக்கொண்டு எங்கள் வீட்டில்தான் படுத்திருந்தார். நாள் முழுக்க எலிகாப்டர் பேச்சு. தறிச் சத்தம்கூடக் கேட்காது. எலும்பு சீக்கிரமே கூடிவிட்டது. இன்னும் கொஞ்ச நாள் ஆகியிருக்கலாம்.