கேப்டனின் முழங்கை

ஒரிஜினல்காரர் என்று ஓர் இனம் உண்டு. ஊருக்கு நாலு பேர் தேறுவார்கள். ஒரே தெருவில் இரண்டு பேர் அமைந்துவிட்டால் மற்றவர்கள் வீட்டைக் காலி செய்துகொண்டு போய்விடுவார்கள். நீங்கள் புதுச் சட்டை போட்டுக்கொண்டு எதிரே போனால் "நல்லாருக்குது" என்று சொல்லமாட்டார். காலரைத் திருப்பி, உள்ளே தைத்திருக்கும் பட்டையைப் படிப்பார். படித்துவிட்டு "ம்" என்பார். அவ்வளவுதான். அந்த "ம்"முக்கு அப்புறம் அந்தச் சட்டையை நீங்கள் தொடமாட்டீர்கள். தேன் வாங்கிக் கொடுத்தால் திரியை முக்கிக் கொளுத்திப் பார்ப்பார். கோயிலில் விபூதி கொடுத்தால் பூசிக்கொள்வதற்கு முன்னால் மோந்து பார்த்து, "இதுலே பீங்கான் மண்ணு கலந்திருக்குது" என்பார். குருக்கள் என்ன செய்வார் பாவம், அடுத்த ஆளுக்குக் கொடுப்பார்.

விருத்தாசலத்தில் இந்த இனத்தின் முழு வளர்ச்சியடைந்த மாதிரியைப் பார்க்க ஆசைப்படுகிறவர்கள் ஜங்ஷன் ரோட்டில் குருமூர்த்தி வீட்டு அழைப்புமணியை அழுத்தலாம். அடிக்காது. ஒரிஜினல் மணி பழுதாகி ஆறு வருடமாகிறது. அதற்கு ஒரிஜினல் உதிரி இன்னும் கிடைக்கவில்லை. கதவைத் தட்டுங்கள். அவர் மனைவி பானுமதி வந்து திறப்பாள். இருபத்திரண்டு வருட அனுபவம் உள்ளவள்.

குருமூர்த்திக்குப் பத்திர ஆபீசில் எழுத்தர் வேலை. பழைய பத்திரங்களுக்கு நகல் எடுத்து 'உண்மை நகல்' என்று முத்திரை குத்திக் கொடுப்பார். பகலெல்லாம் நகலிலேயே கிடக்கிற மனிதருக்கு மிச்ச நேரத்தில் அசல் கேட்டது. முதலில் அதை அவர் அடுப்படியில் தேடினார். ஞாயிற்றுக்கிழமை விடிந்தால் போதும், சாம்பார்ப் பொடியைத் தட்டில் பரப்பி பூதக்கண்ணாடியால் பார்ப்பார். காப்பித்தூளைத் தண்ணீரில் தூவி எது மிதக்கிறது, எது முங்குகிறது என்று குறித்துக்கொள்வார். பெருங்காயத்தை நெருப்பில் காட்டி, அது எரிகிற விதம் சரியில்லை என்று பானுமதியைக் கூப்பிட்டு நிற்கவைத்துக் காட்டுவார். ஒன்பது வருடம் அவள் அப்படி நின்றாள். பிறகு அவருக்குப் பொம்மை கிடைத்தது. அவளுக்கு ஞாயிற்றுக்கிழமை கிடைத்தது.

பொம்மை என்றால், வெளிநாட்டுப் பிளாஸ்டிக் கட்டைகளை அடுக்கி வீடும் கப்பலும் கட்டி விளையாடுகிற பெட்டி வருகிறதல்லவா, அதற்குள் இருக்கிற குட்டி மனிதன். கட்டைவிரல் உயரம். மஞ்சள் முகம். வீடே இடிந்து விழுந்தாலும் மாறாத சிரிப்பு. தலை திரும்பும், கால் மடங்கும், கை தோளில் சுழலும். முழங்கை மட்டும் கிடையாது. அதனால் அவன் காதைச் சொறிய முடியாது, வேர்வையைத் துடைக்க முடியாது. பந்தியில் கொண்டுபோய் உட்காரவைத்தால் இலை நிறையப் பரிமாறினாலும் பட்டினிதான்.

சரி, முழங்கை வைத்துவிட்டால் என்ன?

இப்படிச் சாதாரணமாகக் கேட்டுவிட்டீர்கள். இந்தக் கேள்வியால் உலகத்துச் சேகரிப்பாளர்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்து கிடக்கிறார்கள் என்பதைக் குருமூர்த்தி பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே இருக்கும் பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து தெரிந்துகொண்டார். தனியாகச் செய்து மாட்டிய கையை வைத்திருப்பவன் கல்யாண ஆல்பத்தில் மீசை வரைகிறவனுக்குச் சமம் என்று ஜெர்மனியில் ஒருவர் எழுதியிருந்தார். பொம்மை என்றால் விளையாடத்தானே என்று கேட்ட பிரேசில்காரரை அறுபத்தேழு பேர் சேர்ந்து திட்டியிருந்தார்கள். குருமூர்த்தி அறுபத்தெட்டாவது ஆளாகச் சேர்ந்து திட்டிவிட்டு, எல்லாவற்றையும் பிரிண்ட் எடுத்துக்கொண்டு வந்தார்.

இரண்டாயிரத்து ஐந்தில் விருத்தாசலம் சிறு பொம்மைச் சேகரிப்போர் சங்கம் உதயமானது. தலைவர் குருமூர்த்தி. செயலாளர், டிராயிங் மாஸ்டர் ஜெயராஜ். பொருளாளர், ஃபேன்சி ஸ்டோர் நைனா முகம்மது. அவர் மகன் அஃப்தாப் ஷார்ஜாவிலிருந்து பெட்டி அனுப்புகிறவன், கூட்டம் நடப்பதும் அவர் கடை மாடியில். உறுப்பினர், சுப்புராயன். உறுப்பினர்கள் என்று பன்மையில் சொல்ல ஆள் இல்லை. ஞாயிறுதோறும் பத்து மணிக்குக் கூடி இரண்டு மணிக்குக் கலைவார்கள். அந்த நாலு மணி நேரமும் பானுமதி காலை நீட்டி உட்கார்ந்து, யாருக்கும் பதில் சொல்லாமல், ஒரு தட்டு மிக்சரை நிதானமாகத் தின்று தீர்ப்பாள். பெருங்காயம் பாட்டுக்குப் பெருங்காயமாக இருக்கும்.

சங்கத்துக்கு ஏழு விதிகள். ஏழும் குருமூர்த்தி எழுதியவை. ஏழாவது விதி: கம்பெனி தராத உறுப்பு எவருடைய அலமாரியிலாவது காணப்பட்டால் அவர் அன்றே சங்கத்தை விட்டு நீங்கவேண்டும்.

இது சுப்புராயனைக் குறிவைத்தது. அவர் பீங்கான் யூனிட்டில் அச்சு மேஸ்திரி. மடங்குகிற முழங்கையோடு குட்டிக் கை செய்ய முடியும் என்று ஒரு கூட்டத்தில் வாய்விட்டுவிட்டார்.

"கம்பெனிக்காரன் குடுக்காத முழங்கையைக் குடுக்கறதுக்கு நீங்க யாரு சுப்புராயன்?" என்றார் தலைவர்.

"அவன் சாப்புட வேணாமா சார்? எத்தினி நாளைக்குக் கையை நீட்டிக்கிட்டே நிப்பான், ரேஷன் கடை க்யூவுல நிக்கற மாதிரி?"

"நிப்பான். அதான் அவன் கேரக்டரு."

"வழிமொழிகிறேன்," என்றார் ஜெயராஜ். அவர் எதையும் வழிமொழிவார்.

இந்த நிலைமையில்தான் ஒரு வெள்ளிக்கிழமை பானுமதி அலமாரியைத் துடைத்தாள்.

அலமாரியில் நூற்றுப் பதின்மூன்று பேர். நடுவில், தனி மேடையில், கப்பல் கேப்டன். குருமூர்த்தியின் கணக்குப்படி இந்தியாவிலேயே இவன் மாதிரி மூன்று பேர்தான். மற்ற இரண்டு பேரும் எங்கே இருக்கிறார்கள் என்று அவருக்கும் தெரியாது. துணி பட்டுக் கேப்டன் விழுந்தான். தலை, தொப்பி, சிரிப்பு எல்லாம் பத்திரம். வலது கை மட்டும் தோளோடு கழன்று எங்கோ ஓடிவிட்டது. பீரோவுக்கு அடியில், கால்மிதிக்கு அடியில், கடைசியில் தெருக்குப்பையில்கூடக் குச்சியால் கிளறிப் பார்த்தாள். கிடைக்கவில்லை.

விதி ஏழு அவளுக்கும் மனப்பாடம். கை இல்லாத கேப்டனைப் பார்த்தால் மனிதர் சங்கத்தையே கலைத்துவிட்டு வீட்டில் உட்கார்ந்துவிடுவார். வீட்டில் உட்கார்ந்தால்? காப்பித்தூள் மறுபடியும் தண்ணீரில் மிதக்கும். கேப்டனை மடியில் முடிந்துகொண்டு இரண்டு தெரு தள்ளியிருக்கும் சுப்புராயன் வீட்டுக்கு நடந்தாள்.

"அண்ணே, ஒரு கை வேணும்."

சுப்புராயன் கேப்டனைப் பார்த்துச் சிரித்த சிரிப்பில் உள்ளேயிருந்து அவர் மனைவி கமலம் ஓடிவந்தாள். "சாருக்குத் தெரியுமாம்மா?" என்றார் சுப்புராயன்.

"தெரிஞ்சா நான் ஏன் இங்க வரேன்?"

"ஒரு கை மட்டும் போட்டா நெறம் தனியாத் தெரியும். ஜோடியாப் போட்டுடறேன். ஆனா ஒண்ணும்மா, நான் போட்டா முழங்கை வெச்சுத்தான் போடுவேன். எனக்குன்னு ஒரு கொள்கை இருக்குதில்ல?"

"எதையோ போடுங்க. மடங்காம நீட்டியே வெச்சிடுங்க."

அச்சில் ரெசின் என்கிற பிளாஸ்டிக் பிசினை ஊற்றி, ஊசிமுனை அளவு குமிழும் குழியுமாக இணைத்து, மறுநாள் மத்தியானமே கையை மாட்டிக் கொடுத்துவிட்டார். அற்புதமான வேலை. ஆனால் அதில் ஒரு சின்ன விஷயம் நடந்துபோயிருந்தது. பீங்கான் மண் சூளையில் வெந்தால் சுருங்கும். அதனால் அச்சு எடுக்கிறவர்கள் எந்த அளவையும் நூற்றுக்குப் பன்னிரண்டு கூட்டியே எடுப்பார்கள். சுப்புராயன் இருபத்தெட்டு வருடமாகக் கூட்டிக்கொண்டிருக்கிறார். மகளுக்குப் பாவாடை அளவு சொன்னபோதே கூட்டிச் சொன்னார் என்று கமலம் சொல்வாள். இப்போதும் கை தன்பாட்டுக்குக் கூட்டிவிட்டது. ரெசினோ சூளைக்குப் போகாது, சுருங்காது. கேப்டனின் கை தொடையைத் தாண்டி முட்டிவரை வந்து நின்றது.

பானுமதி பார்த்தாள். நீளம் நன்றாகவே தெரிந்தது. இருந்தாலும் மேடையில் நிற்கவைத்தாள்.

இரண்டு வாரம் ஆயிற்று. குருமூர்த்தி கண்டுபிடிக்கவில்லை. ஆச்சரியப்படாதீர்கள். சேகரிப்பவர்கள் தங்களிடம் இருப்பதைப் பார்ப்பதே இல்லை. இல்லாததைப் பார்ப்பதற்கே அவர்களுக்கு நேரம் போதாது.

மூன்றாவது ஞாயிறு கூட்டம் வீட்டிலேயே என்று அவர் அறிவித்தார். முழங்கை விவகாரத்துக்கு ஒரு முடிவு கட்டப்போகிறாராம். சுப்புராயன் முழங்கை வைத்த கைகளைச் செய்து கொண்டுவர வேண்டும். அசலான கை எப்படி இருக்கும் என்பதற்குக் கேப்டனே சாட்சி சொல்வான். கேப்டன் வெளியே பயணம் செய்வதில்லை.

பானுமதி போண்டா போட்டாள். கண் அலமாரியிலேயே இருந்ததில் ஒவ்வொன்றும் ஒவ்வொரு தேசப்படமாக வந்தது.

குருமூர்த்தி கைக்குட்டையால் கேப்டனை எடுத்து, கவிழ்த்துவைத்த எவர்சில்வர் தட்டின்மேல் நிறுத்தினார். "பார்த்துக்குங்க. இதுக்குப் பேருதான் கை."

பார்த்தார்கள். ஜெயராஜ் டிராயிங் மாஸ்டரல்லவா, கண் சும்மா இருக்குமா? "சார்... கை கொஞ்சம் நீட்டமா இல்ல?"

பானுமதி கரண்டியோடு வாசற்படியில் நின்றுவிட்டாள். குருமூர்த்தி கண்ணாடியை மாட்டிக்கொண்டார். குனிந்தார். பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். அவர் காது மடல் சிவந்து, வெளுத்து, மறுபடி சிவந்தது. விதி ஏழு அந்த அறையில் எல்லாருக்கும் தெரியும்.

அவர் மெதுவாக நிமிர்ந்தார். "கண்டுபிடிச்சிட்டீங்களா? நானா சொல்ல வேணாம், யாராவது கேக்கட்டும்னுதான் இருந்தேன். இது நெட்டைக்கை மாடலு. கம்பெனிக்காரன் ஆரம்பத்துலே கொஞ்சமா விட்டான். நீட்டமா இருக்குதுன்னு நிறுத்திட்டான்."

"முட்டி தொடுற கை! ஆஜானுபாகு!" என்று ஜெயராஜ் மெய்மறந்து நோட்டில் எழுதினார்.

நைனா முகம்மது வியாபாரி. எதையும் தொட்டுப் பார்க்காமல் நம்பமாட்டார். ஒரு விரலால் கையை லேசாகத் தூக்கினார். முழங்கை மடங்கியது. கை நெற்றிக்குப் போய் நின்றது.

"யா அல்லா! சலாம் போடறான் சார்!"

போண்டாச் சட்டி அடியில் தீய்கிற வாசனை வந்தது. பானுமதி அசையவில்லை. குருமூர்த்திக்கு ஒரு விநாடிதான் பிடித்தது.

"அதான் பாய், நிறுத்தினதுக்கு ரெண்டாவது காரணம்."

பிறகு அவர் சுப்புராயன் பக்கம் திரும்பினார். சுப்புராயன் இந்தமுறை கவனமாகச் செய்த ஆறு ஜோடிக் கைகளைக் காகிதத்தில் பரப்பியிருந்தார். சரியான அளவு, மயிரிழை பிசகில்லை. குருமூர்த்தி ஒன்றை எடுத்துக் கேப்டனின் பக்கத்தில் பிடித்தார். உதட்டைப் பிதுக்கினார்.

"குட்டை. பாத்தீங்களா? போலிக்கு அளவு தெரியாது. உங்களைக் குத்தம் சொல்லலே சுப்புராயன், இந்த மாதிரி ஒரு கையை நீங்க ஜென்மத்துக்கும் செய்ய முடியாது."

சுப்புராயன் வாயைத் திறந்தார். அந்த வாய்க்கு நேராகப் பானுமதி தட்டை நீட்டினாள். தட்டில் நாலு போண்டா, தட்டுக்கு மேலே அவள் கண்கள். அவர் போண்டாவையும் பேச்சையும் சேர்த்து விழுங்கினார்.

அன்றைய தீர்மானம்: அசலிலேயே முழங்கை இருப்பது தெரியவந்துள்ளதால், முழங்கை வைத்த கைகளைச் சங்கம் அனுமதிக்கிறது; ஆனால் நீளம் கேப்டனுக்குச் சமமாக இருக்கவேண்டும்.

"எவ்வளவு சார் கூட்டணும்?" என்றார் சுப்புராயன் பரிதாபமாக.

ஜெயராஜ் ஸ்கேலை வைத்துப் பார்த்து, நோட்டில் கணக்குப் போட்டார். "நூத்துக்குப் பன்னெண்டு."

கை கழுவ வந்தபோது சுப்புராயன் கிசுகிசுத்தார். "என் கையே என்னைத் தோக்கடிச்சிடுச்சும்மா."

"ஜெயிச்சது யாரு கைண்ணே? பேசாம இன்னும் ரெண்டு சாப்புடுங்க."

இன்றைக்கு விருத்தாசலத்தில் இருக்கிற குட்டி மனிதர்கள் அத்தனை பேருக்கும் முட்டிவரை கை. வயிறாரச் சாப்பிடுகிறார்கள். கேப்டன் சலாம் போட்டபடி நிற்கிறான். ஆபீசுக்குக் கிளம்பும்போது யாரும் பார்க்கவில்லை என்று நினைத்துக் குருமூர்த்தி பதிலுக்கு ஒரு சலாம் போட்டுவிட்டுப் போகிறார்.

அந்தத் தீர்மானத்துக்கு அடுத்த ஞாயிறு, செருப்பை மாட்டிக்கொண்டே அவர் சொன்னார்: "அலமாரியைப் பாத்துத் தொடை பானு. சும்மா சும்மா சுப்புராயன் வூட்டுக்கு உன்னால நடக்க முடியாது."

எப்போதிலிருந்து தெரியும் என்று கேட்க நாக்கு துறுதுறுத்தது. கேட்டால் விளக்கம் சொல்ல உட்கார்ந்துவிடுவார். மணி பத்தாகப்போகிறது. "போயிட்டு வாங்க" என்று சொல்லிக் கதவைச் சாத்திவிட்டு, மிக்சர் டப்பாவைத் திறந்தாள்.

உங்கள் வீட்டிலும் அலமாரி இருக்கும். அதன் நடுவில் 'இது மட்டும் அசல்' என்று நீங்கள் காட்டுகிற ஏதோ ஒன்றும் இருக்கும். அதை யார் துடைக்கிறார்கள் என்று மட்டும் ஒருதரம் யோசித்துப் பாருங்கள். எனக்கு அப்படி எதுவும் கிடையாது என்கிறீர்களா? சரி. பீங்கான் மண் சுருக்கம் பன்னிரண்டு என்று படித்தபோது, "பன்னெண்டா? பத்துதானே" என்று உங்கள் உதடு அசைந்ததா, இல்லையா? அசைந்திருந்தால், சங்கத்தில் உறுப்பினர் பதவி இன்னும் நிறையக் காலியாக இருக்கிறது. ஞாயிறு பத்து மணிக்கு ஃபேன்சி ஸ்டோர் மாடி. முழுக்கைச் சட்டை போட்டுக்கொண்டு போங்கள். தலைவர் கையின் நீளம் பார்ப்பார்.