மாடி டீச்சரின் நாலு கண்டென்சர்

மாடம்பாக்கம்,
14.10.2007, ஞாயிறு

மதுராந்தகத்தில் இருக்கும் அன்பு மச்சான் பூவராகன் அவர்களுக்கு, மாடம்பாக்கத்தில் தானே பொங்கித் தானே தின்றுகொண்டிருக்கும் தசரதன் வணக்கத்துடன் எழுதிக்கொண்டது. அங்கே தாங்களும், பிள்ளைகளும், குறிப்பாக உங்கள் அக்கா சரசுவும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே நானும் சுகம் என்பதை வழக்கத்துக்காக எழுதிவைக்கிறேன். போனில் பேசலாம் என்றால் என் குரலைக் கேட்டதும் உங்கள் அக்கா பட்டென்று வைத்துவிடுகிறாள். அதனால்தான் கடிதம். படித்துவிட்டு எப்படியாவது அவளைத் தாம்பரம் பஸ்ஸில் ஏற்றிவிட வேண்டியது.

அவள் உங்களிடம் என்ன சொல்லியிருப்பாள் என்று எனக்குத் தெரியாதா? வீட்டுக்குள்ளே பேயைக் கொண்டாந்துட்டார் என்றிருப்பாள். பேயாவது, பிசாசாவது! டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் முப்பது வருஷம் ரிலேயோடு மாரடித்தவன் நான். நடந்தது இதுதான். எங்கள் வாஷிங் மிஷின் ஆவணியில் படுத்துவிட்டது. கழற்றிப் பார்த்தால் போர்டில் நாலு கண்டென்சர் பூரி மாதிரித் தலை உப்பிக் கிடக்கிறது. கண்டென்சர் என்பது கரண்டைக் கொஞ்ச நேரம் பிடித்து வைத்துச் சீராக விடுகிற சின்ன டப்பா, சுண்டுவிரல் நுனி அளவுதான் இருக்கும். நாலையும் மாற்றினால் மிஷின் ஓடும். கடைக்குப் போயிருக்கலாம்தான். ஆனால் மாடியில் அமலராணி டீச்சருடைய மிஷின், அதே கம்பெனி, அதே மாடல், சும்மா நிற்கிறதே மச்சான்!

டீச்சரை உங்களுக்குத் தெரியும். போன வருஷம் நீங்கள் வந்திருந்தபோது கேக் கொடுத்தாரே, அவர்தான். மாடிப் போர்ஷனில் ஒண்டியாகக் குடியிருந்தார். ஞாயிறு விடிந்தும் விடியாமலும் மிஷினைப் போடுவார், சர்ச்சில் முதல் பூசைக்குக் கிளம்புவதற்குள் துணி கொடியில் ஏறியாக வேண்டும். பிழிகிற வேலையை மட்டும் மிஷினுக்குக் கொடுக்க மாட்டார். பட்டன் உடையுமாம், கையால்தான் பிழிவார். இந்த மிஷின் வேலை முடிந்ததும் பீப் பீப் என்று கத்தும், ஆள் போய் மூடியைத் திறக்கிறவரை ஓயாது. டீச்சர் அதற்குப் பதில் வேறு சொல்வார். "வரேன், வரேன், கத்தாதே!" என்று செருப்பைச் சரக் சரக்கென்று இழுத்துக்கொண்டு அவர் நடப்பது எங்களுக்குக் கீழே கேட்கும். சரசு சிரிப்பாள். பங்குனியில் பாவம், மாரடைப்பில் போய்விட்டார். அவருடைய தம்பி ஏசுபாதம் வந்து கட்டில், பீரோ எல்லாம் ஏற்றிவிட்டு, "மிஷினை நீங்களே வெச்சுக்குங்க சார், எங்க ஊர்த் தண்ணிக்கு இது தாங்காது" என்று போய்விட்டார். போனவங்க பொருள் கீழே வரக்கூடாது என்று சரசு ஒரே பிடியாக நின்றாள்.

சரி, வரவில்லையே! மிஷின் மாடியில்தான் இருந்தது. நாலு கண்டென்சர் மட்டும் என் சட்டைப்பையில் இறங்கி வந்தது. ஈயம் வைத்துப் பத்தவைத்ததும் எங்கள் மிஷின் ஜம்மென்று ஓடியது, சரசு பூரித்துப்போய்க் கேசரி கிண்டினாள். அடுத்த ஞாயிறு விடிகாலை நாங்கள் படுத்திருக்கும்போதே, பின்பக்கம் மாடிப்படிக்குக் கீழே மிஷின் தானாகத் தண்ணீர் பிடித்தது. உள்ளே ஒரு கைக்குட்டைகூட இல்லை. ஒன்றுமில்லாததை அலசி, பிழியாமல் நின்று, கத்தியது. நான் விளக்கினேன். ஞாயிறன்று சுற்றுவட்டாரக் கம்பெனிகள் லீவு, வோல்டேஜ் ஏறும், போர்டு கிறுகிறுத்துத் தானாக ஸ்டார்ட் ஆகும். பழைய கண்டென்சர் தளர்ந்திருக்கும், பிழிவதற்கு மோட்டார் வேகமெடுத்தால் தாங்காமல் நின்றுவிடும். இதில் பயப்பட என்ன இருக்கிறது? அடுத்த ஞாயிறும் அச்சு அசல் அதே கூத்து. "ஏங்க, வோல்டேஜுக்குக்கூடப் பட்டன் உடையும்னு கவலையா?" என்றாள் சரசு. அப்போதுதான் நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இராமல், பெருமையாக வேறு, பார்ட்ஸ் எங்கிருந்து வந்தது என்று சொல்லித் தொலைத்தேன். அவள் கத்தவில்லை மச்சான். "மிஷின் வேணாம்னு சொன்னா, அவங்க உசுரைக் கழட்டிக் கொண்டாந்து வெச்சிருக்கீங்க. எடுத்த இடத்துல வெச்சுட்டுச் சொல்லி அனுப்புங்க, வரேன்" என்று பையைத் தூக்கிக்கொண்டு உங்கள் வீட்டுக்கு வந்துவிட்டாள்.

நேற்று தாம்பரம் மார்க்கெட் சந்தில் பரணி என்பவர் வைத்திருக்கும் கடைக்குப் போனேன். "இன்னா சார், பழச போட்டுகினு ஓட்டுறியா? செத்த போர்டுல கழட்டுனதா?" என்றார். "போர்டு சாகலைப்பா" என்றேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டுப் புதுசு நாலைப் பொட்டலம் கட்டினார். பழசைக் குப்பையில் கடாசச் சொன்னார். நான் கடாசவில்லை. உங்கள் அக்கா வார்த்தைக்கு மரியாதை! புதுசைக் கீழே பத்தவைத்துவிட்டு, பழசை மாடிக்கு எடுத்துப்போய் டீச்சர் மிஷினிலேயே ஒழுங்காகத் திரும்பப் பத்தவைத்தேன். மாடிக்கு நான் கரண்டை நிறுத்தி ஏழு மாசம் ஆகிறது, சால்டரிங் அயர்னுக்குக் கீழேயிருந்து ஒயர் இழுத்தேன். பூட்டிக்கிடந்த போர்ஷனில் சோப்பு வாசனை. மிஷினுக்குள் கையை விட்டால் ஈரம். ஜன்னல் வழியாகச் சாரல் அடித்திருக்கும் என்று வைத்துக்கொண்டேன். ஜன்னல் சாத்தித்தான் இருந்தது, அதையும் மறைக்கவில்லை. எல்லாம் முடித்துப் படியில் கால் வைக்கும்போது, பழக்கதோஷம், "வரேன் டீச்சர்" என்று சொல்லிவிட்டேன். சாவு நடந்த வீட்டில் அப்படிச் சொல்லிக்கொண்டு கிளம்பக்கூடாது என்பாள் சரசு. ஆறு மாசத்துக்கு மேல் ஆனதற்கு என்ன சாங்கியம், நீங்களே சொல்லுங்கள்.

இன்று ஞாயிறு. விடிகாலையில் மிஷின் மூச்சு விடவில்லை. வோல்டேஜ் எங்கே போயிற்று, பேய் எங்கே போயிற்று? நானாக நாலு சட்டையைப் போட்டு ஓடவிட்டுத்தான் இதை எழுத உட்கார்ந்தேன். ஆக, அவள் சொன்னபடி எடுத்ததை எடுத்த இடத்தில் வைத்தாயிற்று. இனிமேல் வர என்ன தடை? உங்களிடம் சொல்ல என்ன வெட்கம், அவள் இல்லாமல் இந்த வீடு வீடாகவே இல்லை மச்சான். குறை சொல்ல ஆளில்லாமல் காப்பிகூடத் தொண்டையில் இறங்கவில்லை. ஒரு வார்த்தை நயமாகச் சொல்லி அனுப்பிவையுங்கள். வீட்டில் எல்லோருக்கும் என் அன்பு, சின்னவளின் பரீட்சைக்கு என் ஆசி, தேனுபுரீஸ்வரர் துணையிருப்பார்.

இப்படிக்கு,
தங்கள் அக்காவை எதிர்பார்த்துக் காத்திருக்கும்,
தசரதன்

பி.கு.: கவரை ஒட்டப் போகும்போது மிஷின் கத்தியது. கத்தட்டும், ஒட்டிவிட்டுப் போவோம் என்று உட்கார்ந்திருந்தேன். மாடியிலிருந்து, "வரேன், வரேன், கத்தாதே!" செருப்புச் சத்தம் சரக் சரக்கென்று படியிறங்கிப் பின்பக்கம் போனது. கத்தல் நின்றுவிட்டது. ரொம்ப நேரம் கழித்து எட்டிப் பார்த்தேன். என் நாலு சட்டையும் கையால் பிழிந்து, உதறி, கொடியில் தொங்குகிறது. ஒரு பட்டன் உடையவில்லை. அதைத் தொட்டு எடுக்க எனக்குத் தைரியம் இல்லாததால், பனியனும் வேட்டியுமாகத் தாம்பரம் பஸ் ஸ்டாண்டில் நின்று இதை எழுதுகிறேன். சரசுவை அனுப்ப வேண்டாம். கடிதத்தை நானே கையில் கொண்டுவருகிறேன், அவள் முன்னால் வாயால் சொல்ல மானம் இடம் கொடுக்கவில்லை, நீங்களே படித்துக் காட்டுங்கள். எனக்கும் சேர்த்து உலை வைக்கச் சொல்லவும். வீட்டைப் பூட்டவில்லை. உள்ளே ஆள் இருக்கும்போது எப்படிப் பூட்டுவது?