என் கடன் தகுதி

இந்த ஜென்மத்தில் வீட்டுக்கடன் வாங்குவதில்லை என்பது என் தீர்மானம். இந்த ஜென்மத்திலேயே சொந்த வீடு என்பது என் மனைவியின் பிரார்த்தனை. பிரார்த்தனையோடு நேருக்கு நேர் மோத நான் என்ன முட்டாளா?

"சரிம்மா, பேங்குக்குப் போவோம். நமக்கு எவ்வளவு கிடைக்கும்னு அவங்களே சொல்லட்டும்" என்றேன், பெருந்தன்மையாக.

அவள் உடனே சாமி படத்தைக் கும்பிட்டாள். அந்தப் படம் இன்னும் அலமாரி மேல்தான் சாய்ந்து நிற்கிறது. சுவரில் ஓர் ஆணி அடிக்க வாடகை வீட்டு ஓனர் விடமாட்டார்.

என் திட்டம் சுலபமானது. சம்பளத்தில் மற்ற தவணைகள் போக மிஞ்சுவதைப் பார்த்துத்தானே கடன் தருவார்கள்? மிஞ்சினால்தானே! ஒரு பைக், ஒரு பெரிய டி.வி., முதுகைப் பிடித்துவிடும் மசாஜ் நாற்காலி ஒன்று. மூன்றையும் தவணையில் வாங்கிப் போட்டேன்.

"எதுக்குங்க இதெல்லாம்?"

"எல்லாம் புது வீட்டுக்குத்தாம்மா!"

அவள் நாற்காலியை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டுத் தையல் மெஷினுக்குப் போனாள். அப்போதே நான் பயந்திருக்க வேண்டும்.

வங்கியில் கடன் பிரிவு அதிகாரி ஒரு பெண். கணினியில் தட்டிப் பார்த்தார்.

"சார், ரிட்டயர் ஆக நாலு வருஷம்தான் இருக்கு. மூணு தவணை வேற ஓடுது. ரொம்பக் கம்மியாத்தான் வரும்."

"கம்மின்னா?"

"ஒரு குளியலறை கட்டலாம். கதவு உங்க செலவு."

முகத்தைச் சோகமாக வைத்துக்கொள்ள நான் பட்ட பாடு!

"பாத்தியாம்மா? நமக்குக் கொடுத்து வைக்கல."

"அவ்வளவுதாங்க" என்றவள், பையிலிருந்து ஒரு ஃபைலை எடுத்தாள். "மேடம், இதையும் கொஞ்சம் பாருங்க. மூணு பள்ளிக்கூடத்துக்கு யூனிஃபார்ம் தைச்சுத் தரேன். வரி கட்டின ரசீதெல்லாம் இருக்கு."

நூல் வாங்கக்கூடப் பத்தாது என்று நான் நினைத்திருந்த தையல்!

அதிகாரி தட்டினார். நிமிர்ந்தார். "அம்மா, காபி சாப்பிடறீங்களா?" என்றார். என்னைக் கேட்கவில்லை.

கடைசி அஸ்திரத்தை விட்டேன். "ரெண்டு பேர் பேர்லயும் சேர்த்தே போடுங்க மேடம்."

"வேண்டாம் சார். உங்களைச் சேர்த்தா அம்மாவுக்கு வர்றதும் குறையுது."

மனைவி விண்ணப்பத்தை நிரப்ப ஆரம்பித்தாள். "அந்த நாற்காலி வந்த அன்னிக்கே புரிஞ்சுதுங்க. அதான் ஃபைலைத் தூசி தட்டி வெச்சேன்" என்றாள், தலை நிமிராமல்.

மனசு கேட்கவில்லை. எட்டிப் பார்த்தேன். "என் பேரே இல்லையா?"

"அதெப்படிங்க இல்லாம போகும்? இதோ!"

விரல் வைத்த இடத்தில் படித்தேன்.

'விண்ணப்பதாரரின் வருமானத்தை நம்பி இருப்பவர்கள்: ஒருவர். உறவு: கணவர்.'