லேப்டாப்புக்குள் அரக்கு

இரண்டாயிரத்து எட்டாம் வருஷம் சித்திரை மாதம் நான் ஒரு முடிவுக்கு வந்தேன். உயிரே போனாலும் சரி, பன்னிரண்டாவது கார் ரேஸை ஜெயித்துவிட்டுத்தான் மறுவேலை.

அப்போது எனக்கு வயது நாற்பத்தொன்று. ஆரணியில் பட்டுப்புடவைக்கு பார்டர் டிசைன் போடுவது என் தொழில். என் மனைவி ஸ்வர்ணலதா தறி நெய்கிறவள். அதற்கு முந்தின மார்கழி வரை கிராஃப் நோட்டில் கட்டம் கட்டமாகப் பென்சிலால் போட்டுக்கொண்டிருந்தவன், இனிமேல் கம்ப்யூட்டரில் போட்டால்தான் மதிப்பு என்று சொல்லி ஒரு லேப்டாப் வாங்கினேன். அதிலும் கிராபிக்ஸ் கார்டு உள்ளதாகப் பார்த்து வாங்கினேன்.

"தறியில மாட்டற ஜக்கார்டு அட்ட தெரியும். இது இன்னா கார்டு?" என்றாள் லதா.

"இது இருந்தாத்தான் கலரு அசலா தெரியும்."

பொய் இல்லை. கார்களின் கலர் அசலாகவே தெரிந்தது.

எங்கள் வீட்டில் தறிக்கும் எனக்கும் ஒரே அறை. அவள் தறிக்குழியில் காலை விட்டு எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருப்பாள். பின்னால் மூலையில் பாய் போட்டு நான். தறி ஓடுகிற வரைக்கும் என் கார் ஓடும். தறி நின்றால் லேப்டாப்பை மூடித் தலையணைக்கு அடியில் தள்ளிவிட்டுக் கண்ணை மூடிக்கொள்வேன். மத்தியானத் தூக்கம் என்று பேர். இன்றைக்கும் எங்காவது தறிச் சத்தம் கேட்டால் விரல் பரபரக்கிறது. ரொம்ப நல்ல நாட்கள் அவை.

ஒரே ஒரு தொல்லை, சூடு. தறி ஓடுகிற அறையில் ஃபேன் போடக்கூடாது. காற்றுப் பட்டால் பட்டு இழை காய்ந்து அறுந்துவிடும். ஆரணி வெயிலில், ஃபேன் இல்லாத அறையில், அந்த கிராபிக்ஸ் கார்டும் எவ்வளவுதான் தாங்கும்? மூன்றாவது சுற்று, கடைசி வளைவு, எனக்கு முன்னால் ஒரே ஒரு கார். சரியாக அங்கே திரை கறுத்துவிடும். தொட்டுப் பார்த்தால் தோசை வார்க்கலாம். இரண்டு செங்கல்லின் மேல் வைத்தேன். அடியில் ஈரத்துண்டைப் போட்டேன். ஒன்பது நாள் அதே வளைவில் அணைந்தது.

இதற்கு நடுவில் லதா ஒன்று கேட்டாள். ஆவணியில் தெள்ளாரில் அவள் தம்பி சுதாகருக்குக் கல்யாணம். இருபது வருஷமாக ஊருக்கெல்லாம் நெய்தவள், தனக்கென்று ஒரு புடவை நெய்துகொண்டதில்லை.

"எனக்கு புதுசா ஒரு பார்டரு போட்டுக் குடுங்க. நானே நெய்ஞ்சி கட்டிக்கினு போறேன்."

"எங்க போடறது? தொட்டா சுடுது. தை மாசம் அன்னப்பட்சி டிசைன முடிச்சதோட சரி, மூடி வெச்சிட்டேன். இன்னிவரைக்கும் தெறக்கல."

"தெறக்காமயே சுடுதா?"

"அதான் பேஜாரா இருக்குது."

அவள் முகம் வாடிவிட்டது. எனக்குப் பாவமாகத்தான் இருந்தது. ஆனாலும் வளைவு கண்ணுக்குள்ளேயே நின்றது. சரி, ஆளை வரவழைத்துச் சூட்டைச் சரிசெய்தால் அவளுக்குப் பார்டர், எனக்கு ரேஸ் என்று கணக்குப் போட்டேன். கடைவீதியில் ரிப்பேர் கடை வைத்திருந்த சடையப்பனை வழியிலேயே தயார் செய்தேன்.

"அங்க வந்து கேம் பேச்சே எடுக்கக் கூடாது."

"எடுக்கவே மாட்டேன்ணா" என்றான்.

லதா எதிரிலேயே அவன் லேப்டாப்பைத் திருப்பிப்போட்டுத் திருகாணிகளைக் கழற்றினான். உள்ளே இருந்த குட்டி ஃபேனுக்குப் பக்கத்திலிருந்து மெத்தை மாதிரி எதையோ உருவி எடுத்தான்.

"பட்டுப் பிசிறுக்கா. காத்து போற வழிய இதான் அடச்சிகினு இருந்துச்சி. இனிமே சூடாவாது."

எனக்கு மூச்சு வந்தது. லதா அந்தப் பிசிறை வாங்கி உள்ளங்கையில் வைத்து, வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"அடியில மாம்பழ மஞ்சள். அது தை மாசம் தறியில ஏத்தின பாவு நூலு. அப்ப நீங்க டிசைன் போட்டீங்க, சரி."

"ஆமா."

"மேல இருக்கறது அரக்குச் செவப்பு. அரக்குப் பாவு நான் ஏத்தினது பங்குனியில."

நான் சடையப்பனைப் பார்த்தேன். அவன் திருகாணியைப் பார்த்தான்.

"மூடி வெச்ச பொட்டிக்குள்ள அரக்கு எப்படிங்க போச்சி?"

"காத்துல பறந்து போயிருக்கும்."

"மஞ்சள் இழையாட்டம் இருக்குது. அரக்கு அடையாட்டம் இருக்குதே."

சடையப்பன் எனக்கு உதவ வந்தான். "அது தானா போவாதுக்கா. உள்ள ஃபேன் சுத்தினாத்தான் இழுக்கும். கார்டு எவ்ளோ சூடாவுதோ அவ்ளோ ஜல்தியா சுத்தும்."

"டிசைன் போட்டா இவ்ளோ சூடாவுமா?"

"கேம் பத்திப் பேசமாட்டேன்னு அண்ணன்கிட்ட சொல்லியிருக்கேன்க்கா" என்றான் அந்த உத்தமன்.

லதா கத்துவாள் என்று காத்திருந்தேன். அவள் கத்தவில்லை.

"நீங்க தூங்கறீங்கன்னு நெனச்சி, ரெண்டு மாசமா தறிய மெதுவா அடிச்சிகினு இருந்தேன்" என்றாள்.

கத்தியிருக்கலாம். அந்த வார்த்தை இன்றைக்கும் எனக்கு உறுத்துகிறது.

மூன்றே நாளில் பார்டர் போட்டுக் கொடுத்தேன். நடுவில் ஒரு தடவைகூட கார் பக்கம் போகவில்லை. லேப்டாப் ஐஸ்கட்டியாக இருந்தது. கீழே கையெழுத்துப் போடாத குறையாக, பிரிண்ட் எடுத்த டிசைனைப் பெருமையோடு அவளிடம் நீட்டியபோது வாங்கி, ஆசையாகப் பார்த்துவிட்டு என்னிடமே திருப்பிக் கொடுத்தாள்.

"நல்லா இருக்குதுங்க. நீங்களே நெய்ஞ்சிருங்க."

"நானா? தறியில உக்காந்து பத்து வருஷம் ஆச்சி."

"மறந்தா போவும்? எனக்கும் மத்தியானத்துல தூங்கணும்னு ஆசையா இருக்குது."

அந்தக் கோடையில் மூலைப் பாயில் அவள் படுத்தாள். தறிக்குழியில் நான் இறங்கினேன். மெதுவாகத்தான் அடித்தேன். பன்னிரண்டாவது ரேஸ் இன்றுவரை முடியவில்லை. ஆனால் ஒருநாள் திரும்பிப் பார்த்தபோது அவள் நிஜமாகவே அயர்ந்து தூங்கிக்கொண்டிருந்தாள். கல்யாணமாகி அத்தனை வருஷத்தில் பகலில் அவள் தூங்கி நான் பார்த்தது அன்றுதான். கொஞ்ச நேரம் தறியை நிறுத்திவிட்டுப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

ஆவணியில் தெள்ளார் மண்டபத்தில் அந்தப் புடவையைச் சுற்றிப் பெண்கள் மொய்த்துவிட்டார்கள். பார்டரைத் தடவிப் பார்த்த மணப்பெண்ணின் அம்மா, யார் நெய்தது என்று கேட்டாள். நான் சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டு ஓரடி முன்னால் வந்து நின்றேன்.

"இவருதாங்க நெய்ஞ்சாரு" என்றாள் லதா. "அப்ப இவருக்கு வேல ஒண்ணும் இல்ல."